கரிக்குள் ஒரு கோலம்

மார்கழி மாதத்து விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிகளில் நடப்பது எளிய காரியமன்று. காலை எங்கே ஊன்றுவது என்ற கேள்வி அடிக்கு அடி எழும். அடுக்கு மாடிக் கட்டிடங்கள் பெருகிய பிறகு வாசல்கள் குறைந்துவிட்டன என்பது வாஸ்தவந்தான். ஆனாலும் மிஞ்சியிருக்கும் வாசல்களில் கோலத்துக்குக் குறைவில்லை. அப்படித் தாண்டித் தாண்டி நடந்து, காப்பியும் குடித்துவிட்டு, பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்த ஒரு நாளில்தான் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேஜையருகே வந்து நின்றான். தகப்பனாரின் கைப்பேசிக்கு முதல் நாள் இரவு வந்த செய்தியொன்றை ஒரு காகிதத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தான்.

"தமிழன் 2,600 ஆண்டுகளுக்கு முன்பே கார்பன் நானோ குழாய் செய்தான். மேல்நாட்டான் 1991-இல்தான் கண்டுபிடித்தான். தமிழன் என்றால் பத்துப் பேருக்கு அனுப்பு!" என்றிருந்தது அதில்.

"இது மெய்யா, ஸார்?" என்றான்.

வகுப்பு முழுவதும் என் முகத்தையே பார்த்தது. "ஆம்" என்றிருந்தால் கரகோஷம் எழுந்திருக்கும். "இல்லை" என்றிருந்தால் ஸார் வெள்ளைக்காரர் பக்கம் என்று தீர்ப்பாகியிருக்கும். நான், "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். உபாத்தியாயர் "நாளைக்கு" என்றால் அதற்குப் பொருள் இரண்டு. பையன் மறந்துவிடட்டும் என்பது ஒன்று. படித்துவிட்டு வருகிறேன் என்பது மற்றொன்று. இம்முறை நான் இரண்டாவது பொருளில்தான் சொன்னேன்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் பி.எஸ்ஸி. வாசித்த நாளில் ஒரு பேச்சுப் போட்டியில், நம் முன்னோர் ஆகாய விமானம் அறிந்திருந்தனர் என்று மேஜையைத் தட்டி முழங்கி முதற்பரிசு பெற்றேன். மேடையை விட்டு இறங்கியதும் வயதான பேராசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "நன்றாகப் பேசினாய், அப்பா. அந்த விமானத்துக்கு எரிபொருள் என்ன?" என்று மிக்க அன்போடு கேட்டார். பரிசாகக் கிடைத்த புத்தகம் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அதைக் காணும்போதெல்லாம் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. ஆகவே இந்தப் பையனுக்கு நான் சொல்லும் பதிலில் எரிபொருள் முதற்கொண்டு எல்லாம் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். வகுப்பில் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் செய்தியின் மெய்யான பகுதி. மதுரைக்கு அருகே, சிவகங்கை மாவட்டத்தில் உள்ள கீழடியில் 2015-ஆம் ஆண்டு முதல் அகழாய்வு நடந்து வருவதை அறியாதார் இல்லை. அங்கே கிடைத்த பானை ஓடுகள் சிலவற்றின் கறுப்புப் பூச்சை வேலூர் வி.ஐ.டி.யைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடைய தோழர்களும் சோதித்து, அதில் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2020 நவம்பரில் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் அறிவித்தார்கள். அந்த ஓடுகளின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டளவு. மனிதன் கைபட்ட பொருள்களில் நானோ குழாய் காணப்பட்டவற்றுள் இதுவே மிகப் பழையது என்பது அவர்கள் முடிவு. இதுவரையில் நாம் நெஞ்சை நிமிர்த்தலாம். இனிமேல் சற்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

நானோ குழாய் என்பது என்ன? அதற்கு நான் பையன்களை மறுபடியும் மாட வீதிக்கே அழைத்துச் சென்றேன். இடைப்புள்ளிக் கோலம் நேயர்களின் வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. முதல் வரிசைப் புள்ளிகளின் இடைவெளிகளுக்கு நேராக அடுத்த வரிசையின் புள்ளிகள் விழும். அப்படி வைக்கும்போது எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றி ஆறு புள்ளிகள் நிற்கும். நடுப்புள்ளியை விட்டுவிட்டு அந்த ஆறையும் கோட்டால் இணைத்தால் ஓர் அறுகோணம் கிடைக்கிறது. அதன் பக்கங்களைப் பங்கிட்டுக்கொண்டு அடுத்த அறுகோணம், அதற்கடுத்தது என்று தேன்கூடு போல வாசல் முழுவதும் நிரப்பலாம். இப்போது நடுப்புள்ளிகளையெல்லாம் அழித்துவிட்டு, எஞ்சிய ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு கரியணு உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணுவும் மூன்று அண்டை அணுக்களைக் கைகோத்துக்கொண்டிருக்கும். இத்தகைய கோலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுதான் பென்சிலுக்குள் இருக்கும் கிராபைட். எழுதும்போது அடுக்குகள் வழுக்கிக் காகிதத்தில் தங்குகின்றன.

அந்தக் கோலங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்துப் பாய் போலச் சுருட்டி, விளிம்போடு விளிம்பு சேர்த்துவிட்டால் அதுவே நானோ குழாய். கீழடிப் பூச்சில் கண்ட குழாய்களின் விட்டம் சராசரி 0.6 நானோ மீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிப் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நானோ மீட்டர். தலைமயிர் ஒன்றின் குறுக்கே இக்குழாய்களை அருகருகே அடுக்குவதானால் ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும்.

"அவ்வளவு சிறியதை யார் ஸார் சுருட்டுவது?" என்று பின் பெஞ்சியிலிருந்து ஒரு குரல் வந்தது. விஷயத்தின் உயிரே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. யாரும் சுருட்டுவதில்லை. குழாய் சுருட்டப்படுவதன்று, வளர்வது.

வீட்டில் விளக்கின் மேல் தட்டைக் கவிழ்த்து மை பிடிக்கிறோம். எண்ணெயில் உள்ள கரி சுடரில் பிரிந்து, வழிகாட்டுவார் இல்லாமல், கண்டபடி ஒட்டிக்கொண்டு உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. அது பெரும்பாலும் வெறும் புகைக்கரி. அதே கரிக்கு ஒரு விதை கிடைத்துவிட்டால் கதை வேறாகிறது. இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகங்களின் மிக நுண்ணிய துகள்தான் அந்த விதை. பாடப் புத்தகத்தில் வினையூக்கி என்கிறோமே, அதுவே. பெரும்பாலும் 600 முதல் 1,000 டிகிரி செல்ஸியஸ் வரையிலான உஷ்ணத்தில், காற்றுப் புகாத குழலுக்குள், அஸிட்டிலீன் போன்ற கரியுள்ள வாயுவைச் செலுத்துவார்கள். வாயு மூலக்கூறு உலோகத் துகளைத் தொட்டதும் உடைகிறது. ஹைட்ரஜன் பறந்துவிடுகிறது, கரி துகளின் மேற்பரப்பிலும் உள்ளேயும் ஊறுகிறது. பாகில் சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் கற்கண்டாய்ப் படிவதில்லையா? அதைப் போலத் துகளில் கரி அளவுக்கு மிஞ்சியதும் வெளியே படியத் தொடங்குகிறது. அப்படிப் படியும்போது தனக்கு மிகவும் உகந்த அறுகோணக் கோலத்தையே அது இட்டுக்கொள்கிறது.

முதலில் உண்டாவது ஒரு குல்லாய். வட்டக் காகிதத்தில் ஒரு துண்டை வெட்டியெடுத்து விளிம்புகளை இணைத்தால் காகிதம் கூம்பாக எழும்பும். அதைப் போலவே அறுகோணங்களுக்கு நடுவே ஓர் ஐங்கோணம் வந்துவிட்டால் தட்டையான கோலம் வளைகிறது. ஆறு ஐங்கோணங்கள் சேர்ந்தால் அரைக் கோளமாகிய குல்லாய் முடிந்தது. அதன் பிறகு ஐங்கோணம் வராமல் அறுகோணமே சேர்ந்துகொண்டிருக்குமானால் குல்லாயின் கீழே குழாய் நீள்கிறது. புதிய அணுக்கள் சேரும் இடம் துகளை ஒட்டிய விளிம்பு. பனையோலைப் பெட்டி முடைகிறவள் விளிம்பில் அடுத்த ஓலையைச் செருகிச் செருகி உயர்த்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். துகள் தரையை இறுகப் பற்றியிருந்தால் அது கீழேயே இருக்க, குழாய் மேலே எழும். பிடி தளர்ந்திருந்தால் குழாய் துகளைத் தலையில் சுமந்துகொண்டு உயரும். அஸிட்டிலீனும் நிக்கலும் கொண்டு கரி இழைகள் இவ்வாறு உலோகத்தைச் சுமந்து வளர்வதை 1972-இலேயே பேக்கர் என்பவரும் அவர் தோழர்களும் நுண்ணோக்கியில் கண்டு எழுதினார்கள்.

குழாயின் பருமனைக் கிட்டத்தட்டத் துகளின் பருமனே நிர்ணயிக்கிறது. துகளின் மேல் வேண்டாத புகைக்கரி மூடிக்கொண்டால் அதன் மூச்சு அடைத்து வளர்ச்சி நின்றுபோகும். 2004-இல் ஜப்பானில் ஹாட்டா என்பவரின் குழுவினர் வாயுவோடு துளியளவு நீராவியையும் கலந்து பார்த்தார்கள். நீராவி அந்த அழுக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தது. பத்து நிமிஷத்தில் குழாய்க் காடு இரண்டரை மில்லி மீட்டர் உயர்ந்தது. 2013-இல் சீன தேசத்து ஆராய்ச்சியாளர்கள் அரை மீட்டருக்கு மேல் நீண்ட ஒற்றைக் குழாய்களை வளர்த்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது. கோலத் தாளைச் சுருட்டும்போது நேராகவும் சுருட்டலாம். சற்றே கோணலாகவும் சுருட்டலாம். கோணலாகச் சுருட்டினால் அறுகோண வரிசைகள் திருகு போலச் சுற்றி ஏறும். கரியும் அதே கரி, கோலமும் அதே கோலம். ஆனால் சாய்வு மாறினால் குணமே மாறுகிறது. ஒரு குழாய் உலோகம் போல மின்சாரத்தைக் கடத்தும். பக்கத்துக் குழாய் சிலிக்கனைப் போலக் குறைகடத்தியாக நிற்கும். தற்செயலாக வளரும் குழாய்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று உலோகக் குணமுடையது. மற்ற இரண்டும் குறைகடத்திகள். சாய்வு எதுவென்பது பிறக்கும்போதே குல்லாயில் தீர்மானமாகிவிடுகிறது. கேட்ட சாய்வையே பிசகாமல் வளர்த்துத் தருவதற்கு விஞ்ஞானிகள் இன்றும் பாடுபடுகிறார்கள். குழாயைக் கொண்டு கணிப்பொறிச் சில்லு செய்யும் ஆசைக்கு இதுவே பெருந்தடை.

இவ்வளவும் எங்கோ தொலைதேசத்து விஷயம் என்று எண்ண வேண்டாம். அடையாற்றில் இருக்கும் ஐ.ஐ.டி.யின் பௌதிகத் துறையில் ஷைஜுமோன், ராமபிரபு என்னும் இருவர் 2003-இல் இக்குழாய்களை வளர்த்து வெளியிட்ட ஆராய்ச்சி உண்டு. அவர்கள் எடுத்துக்கொண்ட விதை ஓர் உலோகக் கலவை. ஹைட்ரஜனை உறிஞ்சி உறிஞ்சி அது நுண்பொடியாக உதிர்ந்துவிடும். அந்தப் பொடியின் மேல் அஸிட்டிலீனைச் செலுத்திக் குழாய் வளர்த்து, அதில் ஹைட்ரஜனைச் சேமிக்கலாமா என்று பார்த்தார்கள். அதே காலத்தில் ஜப்பானில் நகோயா நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் முகுல் குமார் என்பவர், ஆண்டோ என்னும் பேராசிரியருடன் சேர்ந்து எந்தப் பொருளிலிருந்து குழாய் வளர்த்தார் தெரியுமா? கற்பூரத்திலிருந்து! கற்பூர ஆவியையும் இரும்புச் சேர்மம் ஒன்றின் ஆவியையும் சூடான குழலில் விட்டார்கள்; குழாய்கள் தோட்டம் போல வளர்ந்தன. கபாலீசுவரர் சந்நிதியில் கற்பூரம் எரியும்போது எஞ்சுவது புகைக்கரி. விதையும் தக்க உஷ்ணமும் கூடினால் அதுவே குழாய்.

இத்தனை சிறிய குழாய் பானைப் பூச்சில் இருப்பதை எப்படிக் கண்டார்கள்? மின்னணு நுண்ணோக்கி ஒரு சாட்சி. மற்றொரு சாட்சி நமக்கு மிகவும் உறவு. ஒளிக்கற்றை ஒன்றைப் பொருளின் மேல் செலுத்தினால், சிதறி வரும் ஒளியில் அப்பொருளின் அணுக்கள் அதிரும் விதம் பதிந்திருக்கும். கடற்கரைப் பிரஸிடென்ஸி கல்லூரியில் படித்து 1907-இல் எம்.ஏ. பட்டம் பெற்ற சந்திரசேகர வேங்கடராமன் 1928-இல் கல்கத்தாவில் கண்ட உண்மை அது. கரிக்குழாய் ஒவ்வொன்றும் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்கி அதிர்கிறது. விட்டம் குறைந்தால் சுருதி ஏறும். சுருதியைக் கேட்டே விட்டத்தைச் சொல்லிவிடலாம். மிருதங்கத்தின் நாதத்தையும் ஆராய்ந்து எழுதியவர் அல்லவா ராமன்! கரிக்குழாயின் சுருதியைப் பிடிக்க அவர் கண்ட வழியே உதவுவது எவ்வளவு பொருத்தம்!

இனிக் கீழடிக் குயவரிடம் திரும்புவோம். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமான பழம்பானைகளைக் காணக் கீழடி வரை போக முடியாதவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். அலெக்ஸாண்டர் ரீ என்பவர் 1899 முதல் தோண்டியெடுத்த ஆதிச்சநல்லூர்ப் பொருள்கள் அங்கே இருக்கின்றன. பானையைக் கவிழ்த்துச் சுட்டால் காற்று படும் வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கிறது. காற்றுப் புகாத உட்புறத்தில் தழை, உமி முதலியவற்றின் கரி ஏறிக் கறுக்கிறது. கீழடிப் பூச்சுக்குத் தாவரச் சாறு ஏதேனும் பயன்பட்டிருக்கலாம், சூளையின் கடும் உஷ்ணத்தில் அதுவே குழாயாகியிருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் ஊகம். கரி இருந்தது; உஷ்ணம் இருந்தது; மண்ணில் இரும்பும் உண்டு. நம் ஆராய்ச்சிசாலைக் குழலுக்குள் நாம் கூட்டிவைக்கும் மூன்றும் அந்தச் சூளையில் தாமே கூடிவிட்டன.

அப்படியானால் அந்தக் குயவர் நானோ குழாய் "செய்தாரா"? அவர் செய்தது பானை. கறுப்பு உதிராமல் நிற்கும் நல்ல பானை. விறகு எவ்வளவு, மூடாக்கு எவ்வளவு, எப்போது காற்றை அடைப்பது என்பதையெல்லாம் அவர் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார். அந்த அறிவின் நிழலில், அவர் அறியாமலே, குழாய் வளர்ந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் கவனத்துக்கு வராமல் போவது பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. 1952-இலேயே ரஷ்ய விஞ்ஞானிகள் இருவர் இத்தகைய கரிக்குழாய்களின் படத்தை வெளியிட்டிருந்தார்கள். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. ஜப்பானில் ஈஜிமா 1991-இல் எழுதிய பிறகே இதன் அமைப்பு இன்னதென்று எல்லோருக்கும் விளங்கியது.

"அறியாமல் செய்தால் என்ன, ஸார்? செய்தது செய்ததுதானே?" என்றான் பையன். நியாயமான வாதம். அதற்குப் பதிலாக நான் ஒரு வாளின் கதையைச் சொன்னேன்.

ஈரோட்டுப் பக்கம் நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் பண்டைக் காலத்தில் மூசையில் எஃகு உருக்கிய தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னாட்டில் இரும்போடு ஆவாரங்கட்டையையும் எருக்கிலையையும் மூசையில் இட்டு மூடி, மண் பூசிச் சூளையில் வைப்பார்கள். அப்படிப் பிறந்த எஃகு கடல் கடந்து சென்று, அரபு, பாரசீகக் கொல்லர் கையில் டமாஸ்கஸ் வாளாயிற்று. நீரோட்டம் போன்ற வரிகள் ஓடும் அந்த வாள்கள் உலகப் பிரசித்தம். பதினேழாம் நூற்றாண்டு வாளொன்றை ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்துப் பேராசிரியர் பௌஃப்லர் குழுவினர் சோதித்து, அதிலும் கார்பன் நானோ குழாய்கள் இருப்பதாக 2006-இல் வெளியிட்டார்கள். கீழடிச் செய்தி வரும்வரை பழமைக்குப் பேர்போனது அதுதான்.

அந்த எஃகு இன்று எங்கே? பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமை எஃகு வந்து குவிந்தது. நம் உலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கூடவே வேறொன்றும் நேர்ந்தது. வாளின் வரிகளுக்கு அந்தத் தாதில் அணுப்பிரமாணமாக இருந்த வனேடியம் போன்ற உலோகங்களே காரணம், அந்தத் தாது கிடைக்காமல் போனதும் வித்தையும் போயிற்று என்பது வெர்ஹோவன் முதலிய அறிஞர்கள் கருத்து. கொல்லர் செய்முறையில் ஒரு பிழையும் செய்திருக்கமாட்டார். முன்போலவே உருக்கினார், முன்போலவே அடித்தார், வரி மட்டும் வரவில்லை. எது குறைந்தது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஏனெனில் எது இருந்ததென்று முன்னமே அவர் அறிந்திருக்கவில்லை. மைக்கேல் பாரடேயே 1819-இல் நம் எஃகைச் சோதித்து, அதன் சிறப்புக்குத் தவறான காரணத்தைச் சொன்னார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"எப்படி" என்று மட்டும் தெரிந்த வித்தைக்கு ஆயுள், சூழ்நிலை மாறாத வரையில்தான். "ஏன்" என்றும் தெரிந்துவிட்டால் ஒரு தாது தீர்ந்தாலும் வேறொன்றைத் தேடிப் பிடிக்கலாம். அடையாற்று ஆராய்ச்சிசாலையில் இளைஞர்கள் நுண்துகளோடு போராடுவது அந்த "ஏன்" என்பதற்காகத்தான். குயவருக்கு நாம் செய்யும் மரியாதை, அவர் அறியாததை அவர் தலையில் ஏற்றுவதன்று. அவர் கை விட்டுச்சென்ற இடத்திலிருந்து கேள்வியைத் தொடர்வது. முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை இல்லாமல் போய்விடும். அந்தச் செய்தியில் எனக்குப் பிடிக்காதது அதுதான். அது நம்மைப் பெருமைப்படுத்துவது போலப் பெருமைப்படுத்தி, கையைக் கட்டி உட்காரவைத்துவிடுகிறது.

மறுநாள் பையன் இன்னொரு காகிதத்தோடு வந்தான். "கீழடிப் பானைப் பூச்சில் கார்பன் நானோ குழாய்கள் காணப்பட்டிருக்கின்றன. குயவர் குழாயை அறியார். நெருப்பை நன்கு அறிந்திருந்தார். குழாய் வளரும் விதத்தை இப்போது ஓரளவு அறிகிறோம்; வேண்டிய வடிவில் வளர்க்க இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதியிருந்தான். ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன்.

"பத்துப் பேருக்கு அனுப்பு என்று போடவில்லையே?" என்றேன்.

"படித்தவர்களுக்கே தோன்றினால் அனுப்பட்டும், ஸார்" என்றான்.